கோஸ்ட்கார்டில் இருந்த முன்னோரைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்காக?

இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் சம்பந்தம் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்காக. என் மருமகள் டெவன் மாவட்டத்துப் பெண். பேரனுக்குப் பள்ளியில் வம்சாவளி வரைந்து வரச் சொன்னார்கள். என் பக்கம் நாகப்பட்டினத்தில் நாலு தலைமுறைக்கு மேல் பெயர் தெரியவில்லை. மருமகளின் அம்மா, அதாவது எங்கள் சம்பந்தி அம்மா, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவையும் குடும்ப பைபிளையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "என் பாட்டியுடைய தாத்தா கப்பல் கேப்டனாக இருந்தார்" என்றார். தேடிப் பார்த்ததில் அவர் கேப்டன் இல்லை, கோஸ்ட்கார்டு என்ற பிரிட்டிஷ் கடலோரக் காவலில் படகோட்டி என்று தெரிந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. வழி தெரிந்திருந்தால் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும். அப்போதிலிருந்து நண்பர்களும் அவர்கள் வழியாகத் தெரிந்தவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கோஸ்ட்கார்டு என்றால் கடற்படையா, போலீஸா, சுங்கத்துறையா?

எந்த வருஷத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இது தெரியாமல்தான் நாங்கள் முதல் ஆறு மாதத்தை வீணாக்கினோம்.

இந்தியாவில் 1978ல் சட்டப்படி அமைந்த கடலோரக் காவல்படையை மனதில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். பிரிட்டனில் இது கள்ளக்கடத்தலைத் தடுக்கப் பிறந்த அமைப்பு. பிராந்தி, ஜின், தேயிலை, புகையிலை எல்லாவற்றுக்கும் கடுமையான தீர்வை இருந்த காலம். பிரான்சிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் ராத்திரியில் சரக்கு கரையேறும். அதைப் பிடிக்க மூன்று தனித்தனி ஏற்பாடுகள் இருந்தன. கரையில் குதிரைமேல் சுற்றும் ரைடிங் ஆபீசர்கள் ஒரு பக்கம், கடலில் ரோந்து போகும் சுங்கப் பாய்க்கப்பல்கள் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே, கரையை ஒட்டிப் படகில் காவல் காக்க 1809ல் தொடங்கிய பிரிவென்டிவ் வாட்டர் கார்டு. 1822ல் மூன்றையும் சுங்க வாரியத்தின்கீழ் ஒன்றாக்கினார்கள். அதுதான் கோஸ்ட்கார்டு. கென்ட், சசெக்ஸ் கரைகளில் மட்டும் கடற்படை நடத்திய கோஸ்ட் பிளாக்கேடு என்ற காவல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1831ல் அதையும் இதோடு சேர்த்தார்கள்.

கிரிமியப் போர் முடிந்ததும், 1856ல், மொத்த அமைப்பும் கடற்படைத் தலைமையகத்தின் கைக்குப் போனது. போர் என்றால் உடனே கூப்பிட அனுபவமுள்ள ஆட்கள் வேண்டும் என்பது காரணம். 1914ல் போர் வந்தபோது அப்படித்தான் பலரைக் கப்பலுக்கு அழைத்துக்கொண்டார்கள். 1925ல் சட்டம் போட்டு வர்த்தக வாரியத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றுவதுதான் முக்கிய வேலை.

ஆக, உங்கள் ஆள் 1856க்கு முன் சேர்ந்தவரா, பின் சேர்ந்தவரா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தேட வேண்டிய அலமாரியே மாறிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவரிடமிருந்து. கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் அவரிடம் போய் உட்காருங்கள். பைபிளின் முதல் பக்கங்களைக் கேளுங்கள். அந்தக் காலத்துக் குடும்பங்கள் பலவும் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் அங்கேதான் எழுதிவைத்தன. எங்கள் சம்பந்தி அம்மாவின் பைபிளில் ஆறு பிள்ளைகளின் பிறந்த தேதிகள் இருந்தன. ஒவ்வொன்றும் வேறு வேறு மை. ஒன்று பழுப்பாக மங்கிப்போனது, ஒன்று இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. எழுத்தும் ஒரே கை இல்லை, முதல் இரண்டு ஒருவர் எழுதியது, மற்றவை இன்னொருவர். ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை.

குடும்பக் கதைகளைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். "கேப்டன்" என்று சொல்லப்பட்டவர்கள் நிறையப் பேர் படகோட்டிகள்தான். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. குளிர்கால ராத்திரியில் மலைமுகட்டில் விடிய விடிய நடந்து காவல் காத்தவர்கள் அவர்கள்தான்.

பெயர் மட்டும் தெரியும், எந்த ஊரில் வேலை பார்த்தார் என்று தெரியவில்லை. என்ன செய்வது?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. என் பதில்: அவரை விட்டுவிட்டு அவர் பிள்ளைகளைத் தேடுங்கள்.

நம்மூரில் சப் இன்ஸ்பெக்டருக்குச் சொந்த ஊரில் போஸ்டிங் கிடைக்காது இல்லையா? அதே ஏற்பாடுதான் அங்கேயும். கடத்தல்காரன் என்பவன் வெளியூர்க்காரன் இல்லை. அண்ணன், மச்சான், பக்கத்து வீட்டு மீனவன், அவ்வளவு ஏன், சில ஊர்களில் பாதி ஊரே அதில்தான் இருந்தது. அதனால் கோஸ்ட்கார்டு ஆளைச் சொந்தக் கரைக்குப் பக்கத்தில் போடமாட்டார்கள். போட்ட இடத்திலும் வேர் பிடிக்க விடமாட்டார்கள், சில வருஷத்தில் மாற்றல் வந்துவிடும். கார்ன்வால் ஆள் அயர்லாந்துக்குப் போவார், அங்கிருந்து இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு வருவார். பெண்டாட்டி பிள்ளைகளும் கூடவே போவார்கள். போன இடத்தில் எல்லாம் ஒரு பிள்ளை பிறக்கும். பிள்ளைகள் பிறந்த ஊர்களை வயசு வரிசையில் எழுதிப் பாருங்கள், அப்பாவின் மாற்றல் உத்தரவுகள் எல்லாம் கையில் வந்துவிடும்.

அதற்கு சென்சஸ் வேண்டும். 1841 சென்சஸில் பெயர்கள் உண்டு, ஆனால் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்துப் போட்டிருப்பார்கள், அதே மாவட்டத்தில் பிறந்தவரா இல்லையா என்பதுதான் இருக்கும். 1851லிருந்து பிறந்த ஊர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, இரண்டும் எழுதினார்கள். அங்கிருந்துதான் உண்மையான தேடல் ஆரம்பம்.

எங்கள் ஆளை 1851ல் காணவே காணோம். 1861ல் நார்ஃபோக் கரையோரக் கிராமம் ஒன்றில் கிடைத்தார். "படகோட்டி, கோஸ்ட்கார்டு", பிறந்தது கார்ன்வால். கீழே பிள்ளைகள்: மூத்த மகன் கார்ன்வாலில், அடுத்த மகன் அயர்லாந்தின் மேயோவில், மகள் வாட்டர்ஃபோர்டில், கைக்குழந்தை நார்ஃபோக்கில். அந்தப் பக்கத்தைத் திரையில் பார்த்ததும் சம்பந்தி அம்மா பைபிளை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். பைபிளின் தேதிகளும் சென்சஸின் ஊர்களும் ஒன்றோடொன்று பொருந்தின. 1851ல் அவர் ஏன் அகப்படவில்லை என்பதும் விளங்கியது. அப்போது அவர் அயர்லாந்தில் இருந்திருக்கிறார்.

ஒரு விஷயம். அயர்லாந்தில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆங்கில சென்சஸில் பல சமயம் வெறும் "அயர்லாந்து" என்று மட்டும் போட்டிருப்பார்கள். ஒரு வருஷத்தில் அப்படி இருந்தால் அடுத்த சென்சஸையும் பாருங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து தனிக்குடித்தனம் போன பிறகு, தன் பிறந்த ஊரைத் தானே சரியாகச் சொல்லியிருக்கலாம்.

பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு இவையெல்லாம் எவ்வளவு உதவும்?

மிகவும். இங்கிலாந்தில் 1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு இருக்கிறது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். அப்பாவின் பெயரையும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துப் போட்டுத் தேடினால், எந்த ஜில்லாவில் பிறந்த பிள்ளையாக இருந்தாலும் அகப்படும். ஊர் ஊராகச் சுற்றிய குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

1837க்கு முன் என்றால் சர்ச் பதிவேடுகள். 1813லிருந்து ஞானஸ்நானப் பதிவுக்கு அச்சடித்த படிவம் வந்தது. அதில் தகப்பனாரின் தொழிலுக்குத் தனிக் கட்டம் உண்டு. "பிரிவென்டிவ் சர்வீஸ்" (கடத்தல் தடுப்புப் பணி) என்றோ "கோஸ்ட்கார்டு" என்றோ அங்கே எழுதியிருந்தால், அந்தத் தேதியில் அவர் அந்த ஊரில் வேலையில் இருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சரி, ஊர் தெரிந்துவிட்டது. அவருடைய சர்வீஸ் ரெக்கார்டு எங்கே?

மேற்கு லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில். தொகுப்பின் பெயர் ஏடிஎம் 175. ஏடிஎம் என்றால் அட்மிரால்டி, கடற்படைத் தலைமையகம். சுங்க வாரியத்தின்கீழ் இருந்த காலத்துப் பதிவேடுகளும் இதே தொகுப்பில்தான் இருக்கின்றன. 1856ல் ஆட்களோடு காகிதங்களும் கைமாறிவிட்டன. இது தெரியாமல் நான் சுங்கத்துறைத் தொகுப்புகளை வாரக்கணக்கில் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று நியமனப் பதிவேடுகள், 1819 முதல் 1866 வரை. பெயர் தெரிந்தால் இங்கே தேடலாம். இன்னொன்று நிலையவாரியான பணியாளர் புத்தகங்கள், 1816 முதல் 1869 வரை. இவை ஆள்வாரியாக இல்லை, நிலையம் நிலையமாக இருக்கும். இந்த நிலையத்தில் யார் யார், எப்போது வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள் என்று இருக்கும். அதனால்தான் முதலில் ஊரைக் கண்டுபிடியுங்கள் என்று அவ்வளவு வற்புறுத்தினேன். ஊர் தெரியாமல் இந்தப் புத்தகத்தில் இறங்குவது, தெருப்பெயர் தெரியாமல் சென்னையில் ஒரு வீட்டைத் தேடுகிற மாதிரி.

நான் பார்த்தது மைக்ரோஃபிலிம் சுருளில். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற நிலையங்கள் ஓடின. நார்ஃபோக் நிலையத்தின் பக்கத்தில் அவர் பெயர் வந்தது. எதிரில் முந்தைய நிலையமாக வாட்டர்ஃபோர்டு கரையிலுள்ள ஓர் ஊர். அந்த ஊரின் பக்கத்துக்குப் போனால், அங்கே மேயோவிலிருந்து வந்ததாகக் குறிப்பு. இப்படி ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்துக்குக் கைகாட்டிக்கொண்டே போனது. சாயங்காலத்துக்குள் 1843ல் அவர் சேர்ந்த நாள்வரை வந்துவிட்டேன்.

கியூவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: மூல ஆவணங்களைப் பார்க்க ரீடர் டிக்கெட் எடுக்க வேண்டும், அதற்கு அடையாளச் சான்று, முகவரிச் சான்று இரண்டும் கேட்பார்கள். வாசிப்பறைக்குள் பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். வேண்டிய ஆவணங்களை முன்கூட்டியே ஆர்டர் செய்துவிட்டுப் போனால் அரைநாள் மிச்சம்.

1856க்குப் பிறகு சேர்ந்தவர் என்றால்?

அப்போது ஆட்களைப் பெரும்பாலும் கடற்படையிலிருந்தே எடுத்தார்கள். ஆகவே அவருடைய கடற்படைப் பதிவைத் தேடுங்கள். 1853ல் தொடர்சேவை முறை வந்தது. அதுவரை கப்பல் ஒரு பயணம் முடித்தால் மாலுமியின் வேலையும் முடிந்தது. புது முறையில் பதினெட்டு வயதிலிருந்து பத்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். 1853 முதல் 1872 வரை ஏடிஎம் 139, 1873 முதல் ஏடிஎம் 188. பிறந்த தேதி, பிறந்த ஊர், உயரம், கண்ணின் நிறம், முடியின் நிறம், உடம்பில் பச்சை குத்தியிருந்தால் அது எந்த இடத்தில் என்பதுவரை இருக்கும். புகைப்படம் இல்லாத ஆளுக்கு இதைவிட நெருங்கிய உருவம் கிடைக்காது.

அதற்கு முந்தைய கடற்படைச் சேவைக்கு ஏடிஎம் 29 பாருங்கள். பென்ஷனுக்காகவும் மற்றதற்காகவும் கொடுத்த சேவைச் சான்றுகளின் பதிவு அது. அப்புறம், பலரும் தவறவிடுவது ஏடிஎம் 73. கிரீனிச் மருத்துவமனைப் பள்ளியில் மாலுமிகளின் பிள்ளைகளைச் சேர்க்கக் கொடுத்த விண்ணப்பங்கள் அதில் இருக்கின்றன. பிள்ளையின் ஞானஸ்நானச் சான்று, பெற்றோரின் கல்யாணச் சான்று, தகப்பனாரின் சேவை விவரம் எல்லாம் ஒரே கட்டில் கிடைத்தவர்கள் உண்டு.

கோஸ்ட்கார்டுக்கு முன் வணிகக் கப்பலில் இருந்தாராம். அதைத் தேட முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். 1835லிருந்து வணிக மாலுமிகளைப் பதிவு செய்தார்கள். 1845 முதல் 1853 வரை ஒவ்வொருவருக்கும் பதிவுச் சீட்டு இருந்தது. இவை பிடி (வர்த்தக வாரியத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்கும் தொகுப்புகளில் கியூவில் இருக்கின்றன.

1863க்குப் பிந்தைய கப்பல் ஆட்பட்டியல்களின் கதை வேறு. இடமில்லை என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பத்தில் ஒரு பங்கு கியூவில். ஐந்தில் முடியும் வருஷங்கள் பல கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில். சுமார் எழுபது சதவீதம் அட்லாண்டிக்கைத் தாண்டி, கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில். கார்ன்வால் மாலுமியைத் தேடிக் கனடாவுக்கு எழுத வேண்டிவந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கப்பலின் அதிகாரபூர்வ எண் தெரிந்திருந்தால் வேலை சுலபம்.

படகோட்டி, தலைமைப் படகோட்டி என்றெல்லாம் போட்டிருக்கிறதே, யார் பெரியவர்?

அடியில் படகோட்டி, அதற்குமேல் கமிஷன்டு படகோட்டி, அப்புறம் தலைமைப் படகோட்டி, நிலையத்துக்குத் தலைவர் சீஃப் ஆபீசர். பல நிலையங்களைச் சேர்த்து மேற்பார்வை பார்த்தவர் இன்ஸ்பெக்டிங் கமாண்டர், அவர் கடற்படை அதிகாரி. உங்கள் ஆள் அந்த மட்டத்தில் இருந்தால் நேவி லிஸ்ட் என்ற அச்சுப் பட்டியலிலேயே அகப்படுவார்.

அயர்லாந்தில் இருந்திருக்கிறார். அங்கே பதிவுகள் எல்லாம் எரிந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

நிறைய எரிந்தது உண்மை. 1922ல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடம் உள்நாட்டுப் போரில் சிக்கியபோது பொது ஆவணக் காப்பகம் சாம்பலாயிற்று. 1821 முதல் 1851 வரையிலான சென்சஸில் பெரும்பகுதி அதோடு போயிற்று. 1861 முதல் 1891 வரையிலானதை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. அங்கிருந்த சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற புராட்டஸ்டன்ட் சபையின் பதிவேடுகளும் ஏராளமாக நெருப்பில் போயின.

ஆனால் கைவிட்டுவிடாதீர்கள். கோஸ்ட்கார்டின் அயர்லாந்து நிலையப் புத்தகங்கள் லண்டனில் இருந்ததால் தப்பின. அதனால் மற்ற ஐரிஷ் குடும்பங்களுக்கு இல்லாத ஓர் அதிர்ஷ்டம் உங்களுக்கு இருக்கிறது. 1901, 1911 சென்சஸ்கள் முழுசாக, இலவசமாக இணையத்தில் உள்ளன. குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவத்தையே பார்க்கலாம். அரசுப் பிறப்புப் பதிவு 1864ல்தான் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் கல்யாணப் பதிவு மட்டும் 1845லிருந்தே உண்டு. இங்கிலாந்திலிருந்து போனவர்கள் பெரும்பாலும் சர்ச் ஆஃப் அயர்லாந்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் அந்த வருஷத்தை நினைவில் வையுங்கள். 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டில் கோஸ்ட்கார்டு கட்டடங்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன, நிலையம் எங்கே இருந்தது என்று வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எங்கள் ஆள் மேயோவில் இருந்தது 1846லிருந்து. உருளைக்கிழங்கு அழுகி, பஞ்சம் உச்சத்துக்குப் போன வருஷங்கள். மேற்குக் கரையில் ரோடு இல்லாத ஊர்களுக்கு உணவு போய்ச் சேர்ந்ததில் கோஸ்ட்கார்டு படகுகளுக்கும் பங்கு உண்டு. அயர்லாந்தில் அதன் தலைமை அதிகாரி சர் ஜேம்ஸ் டோம்பிரெய்ன், பசியில் கிடந்தவர்களுக்குத் தன் பொறுப்பிலேயே மாவை இலவசமாகக் கொடுக்கச் செய்தார். அதற்காக அவரைக் கண்டித்தவர் லண்டன் கருவூலத்தில் இருந்த சார்லஸ் டிரெவெல்யன். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1859ல் நம் சென்னைக்குக் கவர்னராக வந்தவர் அவரேதான். கார்ன்வால் படகோட்டியைத் தேடிப் போன இடத்தில் இவரைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. சேர்ந்து மூன்று வருஷமேயான ஒரு படகோட்டி, கையில் சம்பளத்தோடும் வீட்டில் சின்னக் குழந்தைகளோடும், அந்தக் கரையில் என்னவெல்லாம் பார்த்திருப்பார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்து?

அங்கே அரசுப் பதிவு 1855ல் தொடங்கியது. சான்றிதழ்களில் பெற்றோர் விவரம் ஆங்கிலேயச் சான்றுகளைவிட அதிகம். ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசு இணையதளம் ஒன்று போதும்.

பழைய செய்தித்தாள்களில் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கடத்தல் பிடிபட்ட செய்திகள் வரும். பிராந்திப் பீப்பாய்களில் கல்லைக் கட்டிக் கடலடியில் இறக்கிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத ராத்திரியில் வந்து எடுத்துப்போவார்கள். கோஸ்ட்கார்டு படகுகள் கொக்கி கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டே போய் அவற்றைத் தேடும். பிடித்த சரக்கில் ஆட்களுக்குப் பங்குத்தொகை உண்டு. சில ராத்திரிகளில் ரத்தமும் சிந்தியது. 1826ல் டோவர் கடற்கரையில் கோஸ்ட் பிளாக்கேடைச் சேர்ந்த ரிச்சர்ட் மார்கன் என்பவரை ஆல்டிங்டன் கும்பல் சுட்டுக் கொன்றது. கும்பல் தலைவன் ஜார்ஜ் ரான்ஸ்லி பிடிபட்டு டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தப்பட்டான். 1840களில் தீர்வைகள் குறைந்ததும் கடத்தலில் லாபம் போயிற்று, கோஸ்ட்கார்டின் வேலையும் மெல்ல உயிர்காப்புப் பக்கம் திரும்பியது.

அதனால் கப்பல் விபத்துச் செய்திகளை அவசியம் தேடுங்கள். நார்ஃபோக் கரை அதற்குப் பேர்போனது. 1807ல் யார்மவுத் கரைக்குப் பக்கத்திலேயே ஒரு போர்க்கப்பல் உடைந்து, கரையில் நின்றவர்கள் கண்ணெதிரே ஆட்கள் மூழ்கினார்கள். அதைப் பார்த்த ஜார்ஜ் மேன்பி, சிறு பீரங்கியால் கப்பலுக்குக் கயிறு எறியும் முறையை உண்டாக்கினார். கயிறு போய்ச் சேர்ந்துவிட்டால் அதைப் பிடித்தே ஒவ்வொருவராக இழுத்துக் கரைசேர்க்கலாம். பின்னால் ராக்கெட் வந்தது. இந்தக் கருவிகளை இயக்கியதில் கோஸ்ட்கார்டுகள் முன்னால் நின்றார்கள். உயிர்மீட்புப் படகுக் கழகம் 1824ல் தொடங்கியபோது அதன் முதல் தங்கப் பதக்கமே ஒரு கோஸ்ட்கார்டு அதிகாரிக்குத்தான் போனது. சார்லஸ் ஃப்ரீமேன்டில் என்பவர், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கரைதட்டிய ஸ்வீடன் கப்பலுக்கு நீந்திப் போனவர்.

எங்கள் ஆள் இருந்த நிலையத்தின் பெயரைப் போட்டுத் தேடியதில் ஒரு விபத்துச் செய்தி கிடைத்தது. நள்ளிரவு, வடகிழக்குக் காற்று, ராக்கெட் கயிறு மூன்றாவது முறை பிடித்தது, எல்லோரும் கரைசேர்ந்தார்கள். சீஃப் ஆபீசர் பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு "மற்றும் அவருடைய ஆட்கள்". அவ்வளவுதான். அந்த ஆட்களில் ஒருவர் எங்களுடையவர். ஆகவே தேடும்போது ஆளின் பெயரை மட்டும் போடாதீர்கள், நிலையத்தின் பெயரையும் சீஃப் ஆபீசரின் பெயரையும் போடுங்கள்.

அதே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். எது எங்கள் ஆள்?

மனைவியின் பெயர், மூத்த பிள்ளையின் பெயர், பிறந்த ஊர். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். வயசை நம்பாதீர்கள், அந்தக் காலத்தில் அதை யாரும் சரியாகச் சொல்லவில்லை. இணையத்தில் மற்றவர்கள் போட்டுவைத்திருக்கும் வம்சாவளிகளை நகலெடுக்கவே எடுக்காதீர்கள். எங்கள் ஆளுக்கு அவருடைய அம்மாவைவிட இரண்டு வயசு அதிகமாகப் போட்ட வம்சாவளி ஒன்று இன்றும் பல இடங்களில் உலவுகிறது.

நங்கூரம் போட்ட பித்தளைப் பித்தான் வீட்டில் இருக்கிறது. அது போதுமா?

எங்கள் பிஸ்கட் டப்பாவிலும் ஒன்று இருந்தது. கட்டை விரல் நகம் அளவு, நங்கூரத்தின்மேல் கிரீடம், பின்பக்க வளையத்தில் இன்னும் நூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நங்கூரம் பலருடைய சீருடையிலும் உண்டு. பித்தானை வைத்து ஆளை முடிவு செய்யக் கூடாது. பின்பக்கத்தில் தயாரித்தவர் பெயர் பொறித்திருந்தால் காலத்தை ஓரளவு சொல்லலாம். தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

பணம் நிறையச் செலவாகுமா?

சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் சில பவுண்டுகள். சந்தா கட்டும் இணையதளங்களைப் பிரிட்டனில் பல பொது நூலகங்களில் இலவசமாகப் பார்க்கலாம், முதலில் அங்கே போய்க் கேளுங்கள். சந்தா கட்டத்தான் வேண்டுமென்றால், தேட வேண்டியதை எல்லாம் எழுதிவைத்துக்கொண்டு ஒரே மாதம் கட்டுங்கள்.

அவர்கள் வாழ்ந்த இடங்களைப் பார்க்க முடியுமா?

முடியும், பாருங்கள். வெள்ளையடித்த வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றால், அது பெரும்பாலும் பழைய கோஸ்ட்கார்டு குடியிருப்பு. சசெக்ஸில் குக்மியர் முகத்துவாரத்தில் இருப்பவை புகைப்படங்களால் பிரபலம். தென்மேற்குக் கரையோர நடைபாதை கோஸ்ட்கார்டுகள் ரோந்து நடந்த தடம்தான். ஒவ்வொரு குடாவுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால், அது முகட்டின் விளிம்பை விடாமல் வளைந்து வளைந்து போகும். என் பேரனோடு ஒரு நவம்பர் சாயங்காலம் அதில் இரண்டு மைல் நடந்தேன். காற்றில் நிற்க முடியவில்லை, பேச்சும் காதில் விழவில்லை. "தாத்தா, அவர் ராத்திரி முழுக்க இதிலயா நடந்தார்?" என்று கேட்டான். இந்த மாதிரிப் பாதையில்தான் என்றேன்.

உங்கள் தேடல் முடிந்துவிட்டதா?

இல்லை. பைபிளில் ஆறு பிள்ளைகள் என்றேன். 1861 சென்சஸில் நாலு பேர். அங்கே இல்லாத இரண்டு பேரில் ஒருவன் அப்போதே கப்பலில் சேர்ந்துவிட்டான், அவனுடைய பதிவு கிடைத்தது. மீதி ஒரு பெண் குழந்தை. 1847 பிப்ரவரியில் பிறந்ததாகப் பழுப்பு மையில் எழுதியிருக்கிறது. அப்போது குடும்பம் மேயோவில். அரசுப் பதிவு தொடங்கப் பதினேழு வருஷம் இருந்தது. எந்த சென்சஸிலும், எந்தக் கல்யாணப் பதிவிலும் அவள் பெயர் இல்லை.

பிழைத்த சர்ச் ஆஃப் அயர்லாந்து பதிவேடுகள் டப்ளினில் அந்தச் சபையின் நூலகத்தில் இருக்கின்றன. அந்தப் பகுதிச் சர்ச்சின் அடக்கப் பதிவு 1922 தீயில் போனதா, தப்பியதா என்று கேட்டு சம்பந்தி அம்மாவும் நானுமாகக் கடிதம் எழுதியிருக்கிறோம். பெயர், தேதி, தகப்பனார் கோஸ்ட்கார்டு படகோட்டி என்ற விவரம், நிலையத்தின் பெயர், எல்லாம் எழுதினோம். பைபிள் பக்கத்தின் நகலையும் வைத்து அனுப்பினோம்.